விற்றவர் சூப் வாங்க வேண்டும்

ஜூன் 2, திங்கள்

காலை நடை. சனி, ஞாயிறு தவிர தினமும், பூங்காவை நான்கு சுற்று என்று பெயர். பிரேமகுமாரி டீச்சருக்கு முட்டி வலி என்பதால் இரண்டோடு முடித்துக்கொண்டு சூப் கடைக்கு வந்துவிட்டோம். நடப்பது சாக்கு, சூப்பும் பங்குப் பேச்சும்தான் எங்கள் உடற்பயிற்சி என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். ரிட்டயர் ஆனதிலிருந்து டிவி ரிமோட்டைத் தேடுவதைத் தவிர உடம்பை அசைக்காதவர் பேசுகிற பேச்சு!

மெட்நிலா பங்கு விலை போன வாரமும் ஏறித்தான் முடிந்திருக்கிறது. ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் செய்து தருகிற கம்பெனி. எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளி பெயர் பதிவதிலிருந்து பில் போடுவது வரை எல்லாம் அதில்தான். நான் பில்லிங் பிரிவுக்குத் தலைவி. நான்கு வருடமாக அதன் முகத்தில்தான் முழிக்கிறேன். பொங்கல் முடிந்த வாரத்தில், சூப் குடிக்கும்போது, "ஒரு நாள்கூட அது மக்கர் பண்ணுனதில்ல" என்று வாய் தவறிச் சொன்னேன். அவ்வளவுதான். மூன்று பேரும் வாங்கினார்கள், நானும் வாங்கினேன்.

மூன்று பேர் என்றால், தபால் ஆபீஸ் சேமிப்பு ஏஜெண்டாக இருந்த மயிலாத்தாக்கா, கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற பிரேமகுமாரி டீச்சர், பக்கத்துத் தெருவில் வீட்டு ஹாலிலேயே பிளவுஸ் தைக்கும் தெய்வானை. தெய்வானைதான் எங்களில் சின்னவள், நாற்பது தாண்டவில்லை.

எங்கள் சங்கத்துக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. மயிலாத்தாக்கா போட்டது. லாபத்தில் விற்றவள் அடுத்த நடை நாளில் எல்லோருக்கும் சூப் வாங்கித் தர வேண்டும். நஷ்டத்தில் விற்றவளுக்கு மற்றவர்கள் வாங்கித் தர வேண்டும். யாரும் சத்தமில்லாமல் விற்றுவிட்டுக் கமுக்கமாக இருக்கக் கூடாது என்பதற்காக. இன்று டீச்சர் ஏதோ சிமெண்ட் பங்கு விற்றதற்கு வாங்கிக் கொடுத்தார். கூடுதலாக மிளகுத்தூள் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

ஜூன் 5, வியாழன்

ஆஸ்பத்திரியில் பிரிவுத் தலைவர்களை மட்டும் கூப்பிட்டு மீட்டிங். நிர்வாக அதிகாரி கதவைச் சாத்திவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். "இந்த விஷயம் இந்த ரூமை விட்டு வெளிய போகக் கூடாது" என்றார். நான் போக விடமாட்டேன். இங்கேயும் எழுதவில்லை.

ஆகஸ்டில் புது சாஃப்ட்வேருக்குப் பயிற்சியாம், யார் யார் வருவீர்கள் என்று பெயர் கேட்டார்கள். இந்த ஊரில் மட்டுமில்லை, எங்கள் ஐந்து ஆஸ்பத்திரிகளிலும். என் பெயரைக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து மெட்நிலா விலையைப் பார்த்தேன். சும்மாதான்.

ஜூன் 6, வெள்ளி

வார விடுப்பு. கேஸ் சிலிண்டர் வந்தது. முருங்கைக்கீரை ஆய்ந்தேன், இட்லிக்கு ஊறப்போட்டேன். பதினொரு மணி வாக்கில் போனில் ஒரு சின்ன வேலை, இரண்டு நிமிடத்தில் முடிந்தது. ஒன்றே ஒன்றை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மாவு ஆட்டும்போது உளுந்து இன்று நன்றாகப் பொங்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

தெய்வானைக்கு இன்று முகமெல்லாம் பல். கடை பேசி முடித்துவிட்டாளாம். பஸ் ஸ்டாப்புக்கு எதிரில், கண்ணாடிக் கதவு வைத்தது. டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, மீதியை ஆவணி பிறப்பதற்குள் கொடுத்தால் போதும்.

"வீட்டுல மெஷினுக்குப் பக்கத்துலதானுங்க்கா கட்டில். பிளவுஸ் அளவு குடுக்க வர்றவங்க, என்ற மாமனார் தூங்குறதைப் பாத்துக்கிட்டே நிக்கோணும். இனி அந்தக் கூத்து இல்லீங்க" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

பிறகுதான் சொன்னாள். "அந்த மீதிப் பணம் ரெண்டு மாசம் சும்மாதானுங்க கெடக்கும்? அதான் வெள்ளிக்கிழமை மொத்தத்துக்கும் மெட்நிலா வாங்கிப் போட்டுட்டனுங்க. ஜூலை கடைசீல கம்பெனி ரிசல்ட் வருது, நல்லா ஏறும்னு டீச்சர் சொன்னாங்க. வீட்டுல இன்னும் சொல்லலீங்க."

எனக்குச் சூப் நாக்கைச் சுட்டுவிட்டது.

"நீங்க வச்சிருக்கீங்கல்லங்க்கா?" என்று கேட்டாள்.

"வச்சிருக்கேன்" என்றேன்.

"அப்பறமென்ன!" என்று கையைத் தட்டினாள்.

பொய் ஒன்றும் சொல்லவில்லை. வைத்திருக்கிறேன்.

ஜூன் 14, சனி

இன்வெர்ட்டர் மாட்டினார்கள். பெரியது, ஃப்ரிட்ஜ்கூட ஓடும். வீட்டுக்காரர், "திடீர்னு எங்கிருந்து வந்துச்சு இவ்வளவு பணம்?" என்றார். சேர்த்து வைத்தது என்றேன். மீதியை அவர் பெயரிலேயே பேங்கில் போட்டுவிட்டேன், அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

மெட்நிலா கொஞ்சம் இறங்கியிருக்கிறது. சூப் கடையில் டீச்சர், விலை இறங்கும்போது இன்னும் கொஞ்சம் வாங்கினால் வாங்கிய சராசரி விலை எப்படிக் குறையும் என்று பெஞ்சில் விரலால் எழுதிக் காட்டினார். மயிலாத்தாக்கா என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கணக்கெல்லாம் எதுக்குங் டீச்சர்? வசந்தாமணி தெனமும் அதுக்குள்ளதான் உக்காந்திருக்கறா. ஏதாச்சும்னா இவ வாய் சும்மா இருக்குமா? இவ கம்முனு இருக்கறான்னா எல்லாம் நல்லாருக்குதுன்னு அர்த்தம்."

தன் பேச்சைத் தானே நம்பி மயிலாத்தாக்கா இன்னும் கொஞ்சம் வாங்கிவிட்டார்.

சரி, எழுதித் தொலைக்கிறேன். ஆறாம் தேதி, என் மெட்நிலா பங்குகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் விற்றுவிட்டேன். யாராவது கேட்டால் 'வச்சிருக்கேன்' என்று சொல்வதற்காகத்தான் அந்த ஒன்று. ஏன் என்று சொல்லத் தெரியாது என்று எழுதியது பொய். விற்பதற்கு முன்பே யோசித்து வைத்தேன்.

ஆஸ்பத்திரி ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் வேலை போகும், கேஸ்கூட வரலாம். அதனால்தான் சொல்லவில்லை. கடமையைச் செய்தேன். தெரிந்துகொண்டு விற்கலாமா என்று கேட்டால் அதுவும் கூடாதுதான். அதை யார் பார்க்கப்போகிறார்கள்?

இன்னொன்று. மெட்நிலா சின்னக் கம்பெனி. ஒரு நாளைக்குக் கைமாறுவதே கொஞ்சம்தான். அன்றைக்கு நான் விற்றேன், அன்றைக்கே தெய்வானை வாங்கினாள். யாரிடமிருந்து யார் வாங்கியது என்று எங்கேயும் காட்டாது. நாட்டில் எத்தனையோ ஆயிரம் பேர் வாங்குகிறார்கள், விற்கிறார்கள். என்னுடையதுதான் அவளுக்குப் போயிருக்க வேண்டும் என்று என்ன விதி?

ஜூன் 21, சனி

இட்லி மாவு புளித்துவிட்டது. தோசை சுட்டேன்.

ஜூலை 3, வியாழன்

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இல்லை. ஆஸ்பத்திரிக்கு மதிய ஷிஃப்ட்தான். பத்து மணிக்குத் தெய்வானை இரண்டு பை நிறையப் பிளவுஸ்களோடு வந்து நின்றாள். "உங்க வூட்டுல ஃபேன் ஓடுதுன்னு சொன்னாங்க. ஹெம்மிங் மட்டும் பண்ணிக்கறனுங்க்கா."

ஹாலில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஊசி வேலை செய்தாள். நான் மோர் கொடுத்தேன். இன்வெர்ட்டரைப் பார்த்துவிட்டு, "நல்ல பெருசாருக்குதுங்க. எவ்ளோங்க்கா ஆச்சு?" என்று கேட்டாள். விலையைக் குறைத்துச் சொன்னேன். ஓசூரில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்தான் என்றும் சொல்லிவைத்தேன். கேட்காததற்கு எதற்குப் பதில் சொன்னேன் என்று தெரியவில்லை.

"மெட்நிலா ஏறுச்சுன்னா கடைக்கு நானும் ஒண்ணு மாட்டீருவனுங்க. கரண்டு போற அன்னைக்கெல்லாம் வேலை கெட்டுப்போகுது" என்றாள். கிளம்பும்போது என் பழைய புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். காசு வாங்கவில்லை. அந்தப் புடவையைப் பீரோவில் அடியில் வைத்துவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

ஆஸ்பத்திரியில் மெட்நிலா ஆட்கள் இரண்டு பேர் வந்து நிர்வாக அதிகாரி அறையில் வெகுநேரம் இருந்தார்கள். வெளியே வரும்போது முகம் தொங்கிப் போயிருந்தது. ஆஸ்பத்திரி முடிவு இனி மாறாது என்று தெரிந்துவிட்டது.

பஸ்ஸில் வரும்போது தெய்வானைக்கு வாட்ஸ்அப்பில் அடித்தேன். 'தெய்வா, மெட்நிலாவை வித்துரு. காரணம் கேக்காதே.' அனுப்பியும்விட்டேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. இதை அவள் டீச்சருக்குக் காட்டுவாள், டீச்சர் ஊருக்கே காட்டுவார். அவள் பார்ப்பதற்குள் அழித்துவிட்டேன். ஆனால் அழித்தேன் என்பதை அந்தக் கழிசடை போன் அங்கேயே எழுதி வைத்துவிடுகிறதே!

ஐந்து நிமிடத்தில் கேட்டாள்: 'என்னமோ அழிச்சிருக்கீங்க?'

'சுண்டல் செய்முறை. நாத்தனாருக்கு அனுப்ப வேண்டியது, மாறி வந்துருச்சு' என்றேன்.

'எனக்கும் அனுப்புங்க்கா.'

பஸ்ஸில் நின்றுகொண்டே பச்சைப்பட்டாணிச் சுண்டல் செய்முறையை அடித்து அனுப்பினேன். மாங்காய்த் துருவலைக் கடைசியில் போட வேண்டும் என்பதுவரை எழுதினேன். இரண்டு வரி எழுதத் துப்பில்லாதவள் சுண்டலுக்கு ஒரு பக்கம் எழுதினேன்.

ஜூலை 14, திங்கள்

தெய்வானை சூப் கடைக்குத் தூக்குப்போசியில் சுண்டல் கொண்டுவந்தாள். "வசந்தாக்கா முறைப்படி செஞ்சதுங்க" என்று எல்லோருக்கும் இலையில் வைத்துக் கொடுத்தாள். நன்றாக இருந்தது. பாதியிலேயே இலையை மடித்துவிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

வந்துவிட்டது. ரிசல்ட்டோடு சேர்த்து, தங்களிடம் இருந்த பெரிய வாடிக்கையாளர் விலகிக்கொண்டதாக மெட்நிலா அறிவித்துவிட்டது. பெரிய வாடிக்கையாளர் என்றால் நாங்கள்தான். காலையில் சந்தை திறந்ததும் ஒரு நாளைக்கு எவ்வளவு விழ அனுமதி உண்டோ அவ்வளவும் விழுந்து அங்கேயே நின்றுவிட்டது. விற்க வரிசை, வாங்க ஒருவர் இல்லை.

பில்லிங் கவுண்டரில் இருந்தேன். மேஜையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. டீச்சர், மயிலாத்தாக்கா, டீச்சர், தெய்வானை, தெய்வானை, தெய்வானை. கவுண்டரில் கூட்டம் என்று எடுக்கவில்லை. கூட்டம் ஒன்றும் பெரிதாக இல்லை.

ஜூலை 23, புதன்

இன்றும் அப்படியே. தெய்வானை காலை ஒன்பது மணிக்கே விற்கப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். வாங்க ஆள் இல்லை.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. வீட்டுக்காரர் படையல் வைத்தார். காக்கா வரவில்லை என்று அரை மணி நேரம் மொட்டை மாடியில் கத்திக்கொண்டிருந்தார். மெட்நிலா இன்றும் விழுந்தது.

ஜூலை 28, திங்கள்

இன்றைக்குத்தான் வாங்க ஆள் வந்தது. மூன்று பேரும் கிடைத்த விலைக்கு விற்றார்கள். வாங்கியதில் பாதிகூட இல்லை. என்னிடம் இருந்த அந்த ஒன்றையும் நான் விற்றேன். 'வித்தாச்சா' என்று கேட்டால் 'வித்தாச்சு' என்று சொல்ல வேண்டுமே. பிடித்தமெல்லாம் போகக் கைக்கு வந்தது ஒரு சூப்புக்குச் சரியாக இருக்கும்.

ஜூலை 29, செவ்வாய்

போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று போனேன்.

நஷ்டத்தில் விற்றவளுக்கு மற்றவர்கள் சூப் வாங்கித் தர வேண்டும். நான்கு பேருமே நஷ்டம் என்றால் யாருக்கு யார் வாங்குவது? டீச்சர் அந்த நிலையிலும் கணக்கு போட்டார். "வட்டமா நிப்போம். ஆளாளுக்குப் பக்கத்துல நிக்கறவங்களுக்கு வாங்கிக் குடுப்போம்." எனக்குப் பக்கத்தில் தெய்வானை நின்றாள். எனக்கான சூப்பை அவள் வாங்கினாள். சுருட்டி வைத்த நோட்டை ஜாக்கெட் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"கண்ணு வீங்கியிருக்குது" என்று மயிலாத்தாக்கா அவளிடம் சொன்னார்.

"ராத்திரி வீட்டுல சொல்லீட்டனுங்க. அவரு ஒண்ணுமே பேசலீங்க. திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல." பிறகு என் பக்கம் திரும்பினாள். "எங்களை விடுங்க. தெனமும் அதுலயே வேலை செஞ்சுட்டு உங்களுக்கே தெரியாமப் போச்சு பாருங்க. எங்களுக்கு நல்லதுன்னு சொல்லப்போயி நீங்களும் சேந்து மாட்டிக்கிட்டீங்களேன்னுதானுங்க்கா எனக்குச் சங்கடம்."

"பாவம், இவ என்ன பண்ணுவா" என்றார் மயிலாத்தாக்கா.

என் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். சூப் குடித்தேன். முழுவதும் குடித்தேன். சீ என்று இருக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் அந்தக் கண்ணாடிக் கதவுக் கடைக்குப் பலகை மாட்டிக்கொண்டிருந்தார்கள். போன் கவர் விற்கும் கடை. தெய்வானைக்கு டோக்கனில் பாதியைத்தான் திருப்பிக் கொடுத்தாராம் கடைக்குச் சொந்தக்காரர். பஸ் வரும்வரை அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பேங்கில் போட்ட பணம் அப்படியே இருக்கிறது. எடுத்துத் தெய்வானையிடம் கொடுத்துவிடலாம். என்ன சொல்லிக் கொடுப்பது? கடன் என்றால், எதற்குங்க்கா கடன், நீங்களே நஷ்டத்தில் இருக்கிறீர்கள் என்பாள். உதவி என்றால் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். அவள் அழுது நன்றி சொல்ல, நான் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு நான் சும்மாவே இருக்கலாம்.

புது சாஃப்ட்வேர் பயிற்சி ஆரம்பித்துவிட்டது. ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஆஸ்பத்திரியில் கொடியேற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். இன்று காலை நடைக்குப் போகவில்லை, நேற்றும் போகவில்லை. வீட்டுக்காரர், "என்ன, உன்ற சங்கத்தைக் கலைச்சாச்சா?" என்றார். அவரை முறைத்தேன். பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். டிவியை அணைத்துவிட்டுக் கேட்டார்.

கடைசியில், "அந்தப் பணத்தையா எம் பேர்ல போட்ட?" என்று மட்டும் கேட்டார். நாளைக்கு எடுத்துத் தருகிறேன் என்றார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆவணி பிறந்துவிட்டது. வழியில் கல்யாண மண்டபத்தில் காலை ஆறு மணிக்கே மைக் செட் அலறியது.

அவர்களுக்கு முன்பாகவே சூப் கடைக்குப் போனேன். நான்கு சூப்புக்குக் காசு கொடுத்துவிட்டு நின்றேன். முதலில் டீச்சர்தான் வந்தார். "அட, யாரு வாங்கறது இன்னைக்கு? எதுல லாபம்?" என்றார்.

மயிலாத்தாக்காவும் தெய்வானையும் வந்து சேரட்டும் என்று காத்திருந்தேன். ஆளுக்கொரு கப் கையில் கொடுத்தேன்.

"மெட்நிலாவுல" என்றேன்.

டீச்சர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"எங்க ஆஸ்பத்திரி விடப்போகுதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதான் வித்தேன். ஒண்ணே ஒண்ணை வச்சுக்கிட்டு வச்சிருக்கேன் வச்சிருக்கேன்னு உங்ககிட்டச் சொன்னேன்."

மயிலாத்தாக்கா கப்பைப் பெஞ்சில் வைத்தார். "அடிப்பாவி" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. டீச்சர் செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு, முட்டி வலியோடு, பூங்காப் பக்கம் நடந்துவிட்டார்.

தெய்வானை மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்பங்க்கா வித்தீங்க?"

"ஜூன் ஆறாந்தேதி."

"வெள்ளிக்கிழமை."

"ஆமா."

அவளும் கணக்குப் போட்டிருப்பாள். உதடு ஒருமுறை துடித்தது.

"உன் பணம் முழுசையும் நான் தர்றேன் தெய்வா. எடுத்துட்டு வந்திருக்கேன், பையிலயே இருக்குது" என்றேன். அழக் கூடாது என்று வந்தேன், அழுதுவிட்டேன். "எனக்கு வேற வழி தெரியல. வெளிய சொல்லக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியில கண்டிப்பாச் சொல்லீட்டாங்க. வாயைத் திறக்க முடியாம மாட்டிக்கிட்டேன். அது ரகசியம். எப்பிடிச் சொல்லுவேன்?"

"பணம் வேண்டாம்னு சொல்ற நெலமையில நான் இல்லீங்க. வீட்டுல பேசீட்டுச் சொல்றேன்." குரல் அலுங்காமல் இருந்தது. சூப்பை ஊதி ஊதிக் குடித்தாள். அவசரமே இல்லை. குடித்து முடித்து, கப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ரகசியத்தை யாருங்க கேட்டா? நீங்க வித்துட்டு வந்த அந்தத் திங்கக்கெழம இந்த சூப்பை வாங்கிக் குடுத்திருந்தீங்கன்னாப் போதுங்க்கா. நான் புரிஞ்சுக்கிட்டிருப்பேன்."

சொல்லிவிட்டுப் போனாள். நான் வீட்டுக்கு வந்தேன். பை கனமாக இருந்தது. நான்கு சூப் எண்பது ரூபாய். அன்றைக்கும் அதே எண்பதுதான்.